மேகத்துக்குள் ரேடியோ மௌனமானால்

2009 அக்டோபர் 21. சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் பறந்துகொண்டிருந்த நார்த்வெஸ்ட் 188 என்ற ஏர்பஸ் விமானம், இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி நூறு மைலுக்கும் மேல் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகத் தரையிலிருந்து யார் கூப்பிட்டும் பதில் இல்லை. கடத்தலோ என்று சந்தேகம் எழுந்து போர் விமானங்களைத் தயாராக நிறுத்தினார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரேடியோவில் பழுதே கிடையாது. ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு மாறும்போது மாற்ற வேண்டிய அலைவரிசையை இரண்டு விமானிகளும் தவறவிட்டிருந்தார்கள். நிறுவனத்தின் புதிய பணிப்பட்டியல் முறையைப் பற்றி மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. பதறிப்போய் ரேடியோவில் கூப்பிட்டபோது முதலில் கிடைத்தது வின்னிபெக் மையம். அது கனடாவில் இருக்கிறது.

நான்கு இருக்கை செஸ்னாவிலும் இதுதான் நடக்கிறது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானிக்குக் காதில் பேச்சு நின்றதும் “ரேடியோ போச்சு” என்றுதான் முதலில் தோன்றும். ரேடியோ பெட்டியே செத்துப்போவது அரிது. அலைவரிசை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். வால்யூம் திருகி முழங்கை பட்டுக் குறைந்திருக்கும். ஹெட்செட் பிளக் பாதி கழன்றிருக்கும். ஆடியோ பேனலில் வேறு பொத்தான் அமுங்கியிருக்கும். இவற்றில் ஒன்றைச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். முடியாத சில நேரங்களுக்குத்தான் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை மேகத்துக்குள் உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொள்வது கடினம். தரையில் இருக்கும்போதே படித்து வைத்திருக்க வேண்டும்.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கிலேயே மூழ்கிப்போனார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் சிறிது சிறிதாக இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் கெட்டுப்போனது ஒரு பல்பு.

தனியாகப் பறக்கும் விமானிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஹெட்செட் பிளக்குகள் பல விமானங்களில் பேனலின் கீழ்ப்பகுதியிலோ கைக்கெட்டாத பக்கவாட்டிலோ இருக்கும். மேகத்துக்குள் தலையைக் குனிந்து, கழுத்தைத் திருப்பி, மறுபடி நிமிர்ந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாந்துபோய், நேராகப் பறக்கும் விமானம் சாய்ந்து சுழல்வதாகவே உடம்பு நம்பிவிடும். அதனால் ஆட்டோபைலட் இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கைவேலை, பிறகு கருவிகள்மேல் ஒரு பார்வை, பிறகு அடுத்த கைவேலை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தலையை அசைக்காமல் விரலால் தடவியே பிளக்கைக் கண்டுபிடிக்கத் தரையில் பழகியிருந்தால் மிக நல்லது.

எங்கே அறுந்தது?

இப்போதைய ரேடியோக்கள் பெரும்பாலும் தம் நோயைத் தாமே சொல்லிவிடும். சிக்னல் வரும்போது எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி தெரியும். பேசும் பொத்தானை அழுத்தினால் ‘டிஎக்ஸ்’ என்ற குறி தெரியும். ஆர்எக்ஸ் மின்னிக்கொண்டிருந்தும் காதில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் ரேடியோவும் ஆன்டெனாவும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு அதற்கும் காதுக்கும் இடையில், அதாவது ஆடியோ பேனலிலோ வால்யூமிலோ ஹெட்செட்டிலோ இருக்கிறது. அந்தக் குறியே வரவில்லை என்றால், பேச்சில்லாத நேரத்தில் இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து பார்க்க வேண்டும். பல ரேடியோக்களில் வால்யூம் திருகியை அழுத்தினாலோ இழுத்தாலோ அது திறக்கும். ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்டால் ஒலி வரும் பாதை சரி. பேச்சு வராததற்குக் காரணம் தவறான அலைவரிசையாகவோ, எட்டாத தூரமாகவோ, ஆன்டெனாவாகவோ இருக்கலாம்.

பேசும் பக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. பொத்தானை அழுத்திப் பேசும்போது விமானியின் குரல் அவருடைய காதிலேயே கேட்க வேண்டும். இதை சைட்டோன் என்பார்கள். டிஎக்ஸ் குறி தெரிந்தும் சைட்டோன் இல்லை என்றால் மைக்கையோ அதன் பிளக்கையோ சந்தேகிக்கலாம். டிஎக்ஸ் குறியே தெரியவில்லை என்றால் ஸ்டியரிங்கில் உள்ள பேசும் பொத்தானைச் சந்தேகிக்கலாம். அப்போது பிளக்குகளைத் துணை விமானியின் பக்கத்துக்கு மாற்றி அந்தப் பக்கப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான் குறுக்குவழி. வாடகை விமானங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கைமைக்கும், கூரையில் உள்ள ஸ்பீக்கரும் இந்த இடத்தில்தான் உதவும். ஆடியோ பேனலே செத்துவிட்டால் அதை அணைத்துவிடலாம். பல பேனல்கள் மின்சாரம் போனதும் விமானியின் ஹெட்செட்டை முதலாம் ரேடியோவோடு நேரடியாக இணைத்துவிடும்படி செய்யப்பட்டிருக்கின்றன. இந்த வசதி இருப்பதே தெரியாமல் இரண்டு ரேடியோக்களும் போய்விட்டதாக முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

பெட்டியில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்தது அலைவரிசை. கடைசியாகப் பேச்சு நடந்த அலைவரிசைக்குத் திரும்பிப் போவதைவிட எளிய தீர்வு வேறில்லை. அந்த எண் ரேடியோவின் இன்னொரு ஜன்னலிலேயே காத்திருக்கும், ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அங்கும் பதில் இல்லையா? வரைபடத்தில் அந்தப் பகுதிக்கு அச்சிட்டிருக்கும் மைய அலைவரிசை, பக்கத்து விமான நிலையத்தின் அப்ரோச், பிறகு அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸ். பயணிகள் விமானங்கள் பறக்கும்போது 121.5-ஐ இரண்டாவது ரேடியோவில் கேட்டுக்கொண்டே போவது வழக்கம். அதனால் தரைக்கு எட்டாத குரல் முப்பத்தைந்தாயிரம் அடியில் போகும் ஒரு ஜெட்டுக்கு எட்டிவிடும். அதன் விமானி செய்தியைக் கண்ட்ரோலரிடம் சேர்த்துவிடுவார்.

எட்டாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பூமியின் வளைவுதான். விமான ரேடியோ இயங்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் நேர்கோட்டில் செல்பவை. உயரத்தை அடிகளில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.23 ஆல் பெருக்கினால் கடல் மைலில் எட்டும் தூரம் கிடைக்கும். 1,000 அடியில் சுமார் 39, 4,000 அடியில் சுமார் 78, 10,000 அடியில் 123. நடுவில் மலை இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கண்ட்ரோலர் சொன்ன புதிய எண்ணில் பதில் கிடைக்காவிட்டால், பழைய எண் எட்டாத தூரத்துக்குப் போவதற்குள் திரும்பிக் கேட்டுவிடுவது நல்லது.

மைக் ஒட்டிக்கொள்வது இன்னொரு வகைத் தொல்லை. பொத்தான் அமுங்கியபடி மாட்டிக்கொண்டால் அந்த விமானம் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். ஒலிபரப்பும்போது ரேடியோவுக்குக் காது கேட்காது. விமானிக்கு உலகமே அமைதியாகிவிட்டதாகத் தோன்றும், அந்த அலைவரிசையில் இருக்கும் மற்ற அத்தனை பேருக்கும் அவர் தொல்லை கொடுத்துக்கொண்டிருப்பார். திடீர் அமைதியோடு டிஎக்ஸ் குறியும் அணையாமல் நின்றால் மைக் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். புதிய ரேடியோக்கள் சில, சுமார் அரை நிமிடத்துக்கு மேல் பொத்தான் விடுபடாவிட்டால் தாமே ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும். பழையவை நிறுத்தாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இந்த வகை ரேடியோவில் கீச்சென்ற ஓசைதான் மிஞ்சும். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரிஃபில் மூடுபனிக்கு நடுவே கேஎல்எம் ஜம்போ ஓடத் தொடங்கியபோது, காத்திருக்கச் சொன்ன டவரின் சொல்லும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் சொல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கேஎல்எம் விமானி அறையில் சில விநாடிகளுக்குக் கேட்டது அந்தக் கீச்சொலிதான். 583 பேர் இறந்த அந்த விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் கீச்சொலியோடு பாதி கேட்ட சொல்லை முழுச் சொல்லாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்ற பாடத்தை அதைவிடக் கடுமையாக எதுவும் சொன்னதில்லை. சந்தேகம் வந்தால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் போனால்

ரேடியோ முழுதாகப் போவதைவிட ஒரு பக்கம் மட்டும் போவது சகஜம். கேட்கிறது, பேச முடியவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. கண்ட்ரோலர்கள் இதற்குப் பழகியவர்கள். “கேட்டால் ஐடென்ட் பொத்தானை அழுத்துங்கள்” என்பார்கள். ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் உள்ள அந்தப் பொத்தானை அழுத்தியதும் ரேடார் திரையில் விமானத்தின் குறி தனியாகத் தெரியும். அல்லது இடப்பக்கம் முப்பது டிகிரி திரும்பச் சொல்வார்கள், திரும்பினால் அதுவே பதில். மைக் மட்டும் செத்து ஒலிபரப்பி உயிரோடு இருந்தால் பொத்தானை அழுத்தும்போது குரலற்ற ஒரு ‘க்ளிக்’ தரையில் கேட்கும். ஆமாம் என்றால் இரண்டு க்ளிக் என்று பேசி வைத்துக்கொண்டு விமானத்தைத் தரைவரை கொண்டுவந்துவிடலாம்.

பேச முடிகிறதா, கேட்கிறார்களா என்றே தெரியாத நிலையில் குருட்டாம்போக்காகவாவது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது நல்லது. இருக்கும் இடம், உயரம், செய்யப்போவது என எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். கேட்கும் வழி ரேடியோவில் அடைபட்டிருந்தால், விமானங்களுக்கு வழிகாட்டும் விஓஆர் ரேடியோ நிலையத்தின் குரல் வழியை முயலலாம். அமெரிக்காவில் சில விஓஆர் நிலையங்கள் வழியாகத் தரையிலிருந்து பேச முடியும். வழிகாட்டும் ரேடியோவில் அந்த எண்ணைப் போட்டு, ஆடியோ பேனலில் அதைக் காதுக்குத் திருப்பிவிட்டால் கண்ட்ரோலரின் குரல் கேட்கக்கூடும். வரைபடத்தில் எந்த விஓஆருக்குக் குரல் உண்டு என்று குறித்திருப்பார்கள்.

மின்சாரம் தீரும்போது

ரேடியோ மௌனமாவது வேறொரு பெரிய நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கேட்பதைவிடப் பேசுவதற்குப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் நின்று பேட்டரி வடிந்துகொண்டிருக்கும் விமானத்தில் பேச்சு பெரும்பாலும் முதலில் தடுமாறும். கேட்கிறது ஆனால் பேசினால் அறுந்துபோகிறது, காட்சித் திரைகள் மங்குகின்றன என்றால் ஹெட்செட்டை ஆராய்வதை விட்டுவிட்டு அம்மீட்டரையும் வோல்ட்மீட்டரையும் பார்க்க வேண்டும்.

1983 அக்டோபர் 11 இரவு. ஏர் இல்லினாய்ஸ் 710 என்ற இரட்டை டர்போபிராப் விமானம் பத்துப் பேருடன் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பன்டேலுக்குக் கிளம்பியது. கிளம்பிய உடனேயே இடது ஜெனரேட்டர் நின்றது. அதைத் துண்டிப்பதாக நினைத்துத் துணை விமானி நன்றாக இருந்த வலது ஜெனரேட்டரைத் துண்டித்துவிட்டார். வலது ஜெனரேட்டரை மறுபடி இணைக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு கண்ட்ரோலர் திரும்பி வருகிறீர்களா என்று கேட்டும் கேப்டன் மறுத்துவிட்டார். பேட்டரியை நம்பி, மேகமூட்டத்துக்குள், கார்பன்டேலை நோக்கித் தொடர்ந்து போனார். சுமார் அரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. கருவிகள் அணைந்தன, ரேடியோவும் போனது. பிங்க்னிவில் ஊருக்கு அருகே விமானம் விழுந்து பத்துப் பேரும் இறந்தார்கள். திரும்பாமல் தொடர்ந்து போன கேப்டனின் முடிவையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொன்னது.

பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் என்பது புதிய, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரிக்கான கணக்கு. மூன்று வருடப் பழைய பேட்டரி அந்த வாக்கைக் காப்பாற்றாமல் போகலாம். ஆல்டர்னேட்டர் போனதாகத் தெரிந்த கணமே, குரல் இருக்கும்போதே, கண்ட்ரோலரிடம் சொல்லிவிட வேண்டும். “மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, சில நிமிடங்களில் பேச முடியாமல் போகலாம், மேகமில்லாத இடம் பக்கத்தில் எங்கே?” இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டால் அதன் பிறகு ரேடியோ போனாலும் தரையில் இருப்பவர்கள் எல்லா ஏற்பாடும் செய்துவிடுவார்கள். அடுத்தது அணைக்கக்கூடியதை எல்லாம் அணைப்பது. இரண்டாவது ரேடியோ, தரையிறங்கும் விளக்கு, பிட்டோ ஹீட்டர் (பனி உறையும் வெப்பநிலை இல்லாவிட்டால் மட்டும்) போன்றவற்றை நிறுத்திவிட்டு ஒரு ரேடியோவையும் டிரான்ஸ்பாண்டரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சர்க்யூட் பிரேக்கர் வெளியே வந்திருந்தால் மறுபடி அழுத்தலாமா? பறக்கத் தேவையில்லாத கருவிக்கானது என்றால் வேண்டாம். பறப்புக்கு அவசியமானது என்றால், ஆறவிட்டு, ஒரே ஒரு தடவை. கருகல் வாடை அடித்தால் அதுவும் கூடாது. 2007 ஜூலை 10 அன்று ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் ஒரு செஸ்னா 310 வீடுகள்மேல் விழுந்து, விமானத்தில் இருந்த இருவரும் தரையில் இருந்த மூவரும் இறந்தார்கள். முந்தின நாள் வேறொரு விமானி வானிலை ரேடாரிலிருந்து கருகல் வாடை வந்ததால் அதன் பிரேக்கரை இழுத்துவிட்டுக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். பழுது பார்க்கப்படாமலேயே மறுநாள் அந்த விமானம் கிளம்பியது. அந்த பிரேக்கர் மறுபடி அழுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணையின் முடிவு.

கையடக்க ரேடியோ ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது செலவுக்கு நல்ல பலன் தரும் யோசனை. ஆனால் அது பின்னிருக்கைப் பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. இன்ஜின் சத்தத்தில் அதன் ஸ்பீக்கர் கேட்காது, ஹெட்செட்டோடு இணைக்கும் அடாப்டரும் வேண்டும். உலோகக் கூண்டுக்குள் இருக்கும் ரப்பர் ஆன்டெனா அதிக தூரம் எட்டாது. விமானத்தின் வெளி ஆன்டெனாவோடு இணைக்க ஒரு சாக்கெட் பொருத்திவிட்டால் அந்தச் சிறு பெட்டியும் நன்றாகப் பேசும். கைபேசியும் உதவலாம். உயரத்தில் அழைப்பு நிற்காவிட்டாலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேர்ந்துவிடும். சாதாரண நேரத்தில் பறக்கும்போது கைபேசியில் பேச அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. ஆபத்து நேரத்தில் அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு விமான விதிகளை மீறும் உரிமையும் விமானிக்கு உண்டு. உயிர் போகிற நேரத்தில் இதற்காகத் தயங்குவது முட்டாள்தனம். கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணை முன்பே சேமித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

யாருமே கேட்கவில்லை என்றால்

எல்லாம் முயன்றாயிற்று. டிரான்ஸ்பாண்டரில் 7600 என்று போட வேண்டும், உலகம் முழுவதும் ரேடியோ போனதற்கான குறி அதுதான். இப்போதிலிருந்து விமானி செய்யப்போவதைக் கண்ட்ரோலர் ஊகித்தாக வேண்டும். மற்ற விமானங்களை அந்த ஊகத்தை வைத்தே விலக்குவார். ஆகவே விமானி ஊகிக்கக்கூடிய விதத்தில் நடந்துகொள்ள வேண்டும். புத்திசாலித்தனமான புதுவழி எதையும் இங்கே கண்டுபிடிக்கக் கூடாது.

அமெரிக்க விதியின் முதல் வரி பலருக்கு மறந்துபோகிறது. மேகத்துக்கு வெளியே, தெளிவான வானில் ரேடியோ போனாலும், போன பிறகு தெளிவான வானம் கிடைத்தாலும், கண்ணால் பார்த்துப் பறந்து, பொருத்தமான ஒரு நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். கீழே தெரிகிற ஏதோ ஒரு குட்டை ஓடுபாதையில் உடனே குதிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நல்ல வானத்தை விட்டுவிட்டு மறுபடி மேகத்துக்குள் நுழைவது மடமை.

மேகத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டுமானால் பாதைக்கு ஒரு வரிசை உண்டு. கண்ட்ரோலர் கடைசியாக ஒதுக்கிய பாதை முதலில் வரும். ரேடார் வழிகாட்டுதலில் இருந்தால், எந்தப் புள்ளிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாரோ அதற்கு நேராகப் போக வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் எதிர்பார்க்கலாம் என்று சொன்ன பாதை. எதுவுமே இல்லாவிட்டால் பயணத்திட்டத்தில் எழுதிக்கொடுத்த பாதை. அதனால் கண்ட்ரோலர் ஒரு திசையைக் கொடுக்கும்போது “எதற்காக?” என்று தெரிந்துகொள்ளாத விமானிக்கு ரேடியோ போனால் எங்கே போவது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

உயரத்துக்கு விதி வேறு. ஒதுக்கிய உயரம், எதிர்பார்க்கச் சொன்ன உயரம், பாதையின் அந்தத் துண்டுக்கு உரிய குறைந்தபட்ச உயரம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒதுக்கிய உயரம் 5,000 அடி என்றும், கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் 8,000 எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டின் குறைந்தபட்ச உயரம் 6,000. ரேடியோ மூன்றாவது நிமிடத்தில் போகிறது. விமானி 6,000-க்கு ஏறுகிறார். பத்தாவது நிமிடத்தில் 8,000-க்குப் போகிறார். பிறகு வரும் ஒரு மலைத்துண்டுக்கு 9,000 தேவை என்றால் அங்கே 9,000. அந்தத் துண்டு கடந்ததும் மறுபடி 8,000. கிளம்பும்போது சொல்லப்படும் ‘பத்து நிமிடத்தில் எதிர்பார்க்கலாம்’ என்ற சொல் வெறும் சம்பிரதாயம் இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். வட்டமடிக்கச் சொல்லும்போது கொடுக்கிற ‘அடுத்த அனுமதி இத்தனை மணிக்கு’ என்ற நேரமும் அப்படித்தான். அந்த நேரத்தைக் கண்ட்ரோலர் மறந்துவிட்டால் விமானிதான் கேட்டு வாங்க வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் இறங்குவது எப்போது? விதிப்படி, கொடுக்கப்பட்ட நேரத்தை ஒட்டி இறங்க வேண்டும். நேரம் கொடுக்கவில்லை என்றால் பயணத்திட்டத்தின்படி வந்து சேர வேண்டிய நேரத்தை ஒட்டி. பின்காற்றில் இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டால் அத்தனை நேரமும் மேகத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா என்று பயிற்சியாளர்கள் காலங்காலமாக விவாதிக்கிறார்கள். தேர்வில் விதியைத்தான் எழுத வேண்டும். ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ட்ரோலரோ, வழியை எல்லாம் காலி செய்து வைத்துவிட்டு அந்த விமானம் சீக்கிரம் தரையில் நின்றால் போதும் என்றே நினைப்பார். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தாலோ இறக்கையில் பனி ஏறிக்கொண்டிருந்தாலோ அது அவசரநிலை, விதியை மீற விமானிக்கு முழு உரிமை உண்டு.

இவையெல்லாம் அமெரிக்க விதிகள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்ப் பயிற்சி முடித்து, இந்திய உரிமமாக மாற்றிக்கொண்டு பறக்கிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நடைமுறையில் கணக்கு வேறு. ரேடார் கண்காணிப்பு இருக்கும் வான்பகுதியில் கடைசியாகக் கொடுத்த வேகத்தையும் உயரத்தையும் 7 நிமிடம் காத்து, பிறகு பயணத்திட்டத்தில் எழுதிய உயரத்துக்கு மாற வேண்டும். கண்காணிப்பு இல்லாத இடத்தில் 20 நிமிடம். முடிந்தால் குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் தரையிறங்கிவிட வேண்டும். நாட்டுக்கு நாடு சிறு மாற்றங்கள் உண்டு. பறக்கும் நாட்டின் வான்வழித் தகவல் நூலைப் பார்க்காமல் ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டில் பின்பற்றுவது ஆபத்து.

இரு தரப்பும் வேறு வேறாக ஊகித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006 செப்டம்பர் 29 சாட்சி. பிரேசிலில் புத்தம்புதிய லெகசி 600 என்ற சிறு ஜெட் 37,000 அடியில் மனாவுஸ் நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. பயணத்திட்டத்தின்படி பிரசிலியா நகரைக் கடந்ததும் அது 36,000 அடிக்கு இறங்கியிருக்க வேண்டும். விமானிகள் மனாவுஸ் வரை 37,000 என்றே புரிந்துகொண்டிருந்தார்கள். கடைசியாகப் பேசியது பிற்பகல் 3.51-க்கு. சில நிமிடங்களில் டிரான்ஸ்பாண்டரும் ஒலிபரப்புவதை நிறுத்தியது. கட்டுப்பாட்டு மையம் மறுபடி கூப்பிடத் தொடங்கியது 4.26-க்கு, விமானிகள் கூப்பிடத் தொடங்கியது 4.48-க்கு. அதற்குள் பழைய அலைவரிசையின் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தார்கள். 4.56-க்கு அதே உயரத்தில் எதிரே வந்த கோல் 1907 என்ற போயிங் விமானத்தோடு மோதல் நடந்தது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசி சேதமடைந்த இறக்கையோடு ஒரு ராணுவ ஓடுபாதையில் இறங்கியது. ஒரு மணி நேர மௌனத்தில் பெரும்பகுதி, அது மௌனம் என்றே யாருக்கும் தோன்றாமல் கழிந்தது. தனி விமானி இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் தன் பெயரோ பிறர் பேச்சோ காதில் விழவில்லை என்றால் ஒரு ரேடியோ சோதனை கேட்டுவிட வேண்டும்.

இறங்கும்போது

டவர் உள்ள நிலையத்தில் விளக்குத் துப்பாக்கி பேசும். வானில் இருக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை இறங்கலாம் என்று அனுமதி. விட்டுவிட்டு வரும் பச்சை, இறங்குவதற்காகத் திரும்பி வரச் சொல்கிறது. நிலையான சிவப்பு, மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்கச் சொல்கிறது. விட்டுவிட்டு வரும் சிவப்பு, நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்க வேண்டாம் என்கிறது. பகலில் இறக்கைகளை ஆட்டியும் இரவில் தரையிறங்கும் விளக்கை மின்னவிட்டும் புரிந்ததாகத் தெரிவிக்கலாம்.

டவர் இல்லாத சிறு நிலையங்களில் இரவு நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பல நிலையங்களின் ஓடுபாதை விளக்குகளை விமானியே ரேடியோவால் ஏற்ற வேண்டும். ஐந்து விநாடிக்குள் மைக் பொத்தானை ஏழு முறை அழுத்தினால் முழு வெளிச்சம். ஒலிபரப்பியே போய்விட்ட விமானத்துக்கு அந்த ஓடுபாதை இருட்டுதான். கையடக்க ரேடியோ இருந்தால் அதன் பொத்தானும் இந்த விளக்கை ஏற்றும். இல்லாவிட்டால் இரவு முழுக்க விளக்கு எரியும் டவருள்ள நிலையத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சக்கரம் தரையைத் தொட்டு, இன்ஜினை அணைத்ததும் முதல் வேலை தொலைபேசி. டவர் இல்லாத நிலையத்தில் விமானம் இறங்கிவிட்டது கண்ட்ரோலருக்குத் தெரிய வேறு வழியில்லை. வர வேண்டிய நேரம் கடந்து அரை மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை என்றால் தேடும் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். அந்த அழைப்பு போய்ச் சேரும்வரை கருவிப் பறப்பில் வரும் மற்ற விமானங்கள் அந்த நிலையத்தில் இறங்க முடியாமல் மேலே வட்டமடித்துக் காத்திருக்க நேரும்.